மறுப்பின் வரலாறு: திருகோணமலையில் போர்க்காலக் குடிமக்கள் கொலைகள், 1983–2019

திருகோணமலை மாவட்டத்தில் போர்க்காலத்தில் ஆயுதமற்ற குடிமக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்களில் மூன்று, நீதிமன்றப் பதிவுகளிலும் விசாரணை அறிக்கைகளிலும் மற்றவற்றைவிட விரிவாக இடம்பெற்றிருக்கின்றன. 1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் நடந்தது ஒன்று. 2006 ஜனவரி 2 அன்று நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது மற்றொன்று. அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டது மூன்றாவது. இவற்றைத் தனித்தனித் துயரங்களாக நினைவுகூரும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம், பெயர்களை வாசிக்கிறோம். ஆனால் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும் மாற்றம் ஒன்று இருக்கிறது. பத்தாண்டுகளில் கொலையின் தன்மை பெரிதாக மாறவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கமே மாறியது. குமாரபுரத்தில் சர்ச்சை ‘யார் சுட்டார்கள்’ என்பதில் இருந்தது. கடற்கரையில் ‘எப்படி இறந்தார்கள்’ என்பதே சர்ச்சையானது. மூதூரில் அது ‘எப்போது இறந்தார்கள்’ என்பதற்கு நகர்ந்தது. கேள்வி இப்படி இடம்பெயர இடம்பெயர, விடைக்கான ஆதாரம் சாட்சிகளின் கையிலிருந்து விலகி, அந்த நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்களின் அலுவலகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

கொலைகளுக்கு முன் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த பிறகும் திருகோணமலை ஒரு படைநகரமாகவே தொடர்ந்தது. துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை, பிரெட்றிக் கோட்டையில் இராணுவம் என மூன்று படைகளும் சில மைல் சுற்றளவுக்குள் நிலைகொண்டிருந்தன. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராக வாழ்ந்த மாவட்டம் இது. இத்தகைய இடத்தில் ஆயுதம் தாங்கியவரின் நடத்தையே அன்றாட வாழ்வைத் தீர்மானித்தது. 1983 ஜூலை 26 அன்று தளத்திலிருந்து வெளியேறிய கடற்படையினர் நகரில் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தபோது அது கண்கூடாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஜூன் மாதத்தில், அவசரகாலச் சட்டவிதி 15ஏ நடைமுறைக்கு வந்திருந்தது. மரண விசாரணையோ பிரேதப் பரிசோதனையோ இன்றி உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் படையினருக்கு இடமளித்த விதி அது. கொல்லப்பட்டவரின் உடலே முதல் சாட்சியம் என்பது குற்றவியலின் அரிச்சுவடி. அந்தச் சாட்சியத்தைச் சட்டபூர்வமாகவே அகற்றிவிட முடியும் என்ற நிலையில்தான் இந்த மாவட்டத்தின் போர்க்காலம் தொடங்குகிறது.

குமாரபுரத்தில் நடந்தது பழிவாங்கல் என்பதில் ஐயமில்லை. அன்று அப்பகுதியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இரண்டு இராணுவத்தினர் இறந்தனர். சிறிது நேரத்தில் படையினரும் ஊர்காவற்படையினரும் கிராமத்துக்குள் புகுந்தனர். பெண்களும் சிறுவர்களுமே பெரும்பான்மையாக 24 பேர் கொல்லப்பட்டனர், பலர் காயமடைந்தனர். சுட்டவர்கள் முகமறியாத அந்நியர்கள் அல்லர். அருகிலிருந்த முகாம்களின் சிப்பாய்கள், தினமும் அந்த வீதியால் போய் வந்தவர்கள். உயிர்தப்பியவர்களால் அவர்களை அடையாளம் காட்ட முடிந்தது. படையினருக்குத் தொடர்பே இல்லையென்று அரசும் வாதிட்டு நிற்கவில்லை. எட்டு கோப்ரல்கள் கைதானார்கள். அதன் பின் வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டது. மூதூரில் தொடங்கியது அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் முடிந்தது. எதிரிகளில் இருவர் இடையில் இறந்துவிட, எஞ்சிய அறுவரையும் ஜூரர்களின் தீர்ப்பின்படி 2016 ஜூலை 27 அன்று நீதிமன்றம் விடுவித்தது. கூலி வேலையும் வயலுமாக வாழ்ந்த மனிதர்கள், மொழி புரியாத நகரத்துக்குப் பயணம் செய்து, இரண்டு தசாப்தங்களுக்கு முந்தைய ஒரு மாலையின் விவரங்களைக் குறுக்கு விசாரணையில் பிசகாமல் சொல்ல வேண்டியிருந்தது. அதில் தடுமாற்றம் இருந்தால் அது சாட்சியின் குறையல்ல, காலதாமதத்தின் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பழிவாங்கல் முறைக்கு இருபதாம் நூற்றாண்டில் மிகத் தெளிவான ஆவணம் கிடைப்பது ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த சேர்பியாவில். 1941 செப்டெம்பர் 16 அன்று ஜேர்மனியப் படைகளின் உயர் கட்டளைத் தலைவர் கைட்டல் பிறப்பித்த கட்டளை, கொல்லப்படும் ஒரு ஜேர்மனியப் படையினனுக்கு ஐம்பது முதல் நூறு பேர் வரை சுடப்பட வேண்டும் என்றது. ஒக்டோபர் 10 அன்று தளபதி ஃபிரான்ஸ் பூமே அதை உறுதியான விகிதமாக்கினார்: இறந்த ஒருவனுக்கு நூறு பேர், காயமடைந்த ஒருவனுக்கு ஐம்பது பேர். அதே மாதம் கிராலியெவோவிலும் கிராகுயெவாட்சிலும் ஆயிரக்கணக்கான சேர்பியக் குடிமக்கள் அணியணியாகச் சுடப்பட்டனர். கிராகுயெவாட்சில் பாடசாலை மாணவரும் ஆசிரியரும் அவர்களில் அடங்குவர். இந்த ஒப்பீட்டை மறுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பாரமானவையே. கொல்லப்பட்டோர் தொகையில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சேர்பியாவில் இருந்தது அந்நிய ஆக்கிரமிப்புப் படை. இலங்கை இராணுவமோ தன் சொந்த நாட்டில் நிற்கும் படை. இங்கே விகிதம் குறித்த கட்டளை எதுவும் வெளிவந்ததில்லை. இவை அனைத்தையும் ஏற்கிறேன். நான் ஒப்பிடுவது தொகையையோ கொள்கையையோ அல்ல, ஆதாரம் கிடைக்கும் வழியை. சேர்பியாவில் கொன்றவர்கள் எழுதி வைத்தார்கள். கட்டளைகளும் படைப்பிரிவுகளின் அறிக்கைகளும் கோப்புகளில் கிடந்தன. 1948 பெப்ரவரியில் முடிந்த நியூரம்பெர்க் பணயக்கைதிகள் வழக்கில் ஜேர்மனியத் தளபதி வில்ஹெல்ம் லிஸ்ட் ஆயுள் தண்டனை பெறக் காரணமானவை அவர்களது சொந்தத் தாள்களே. (பூமே விசாரணைக்கு முன்பே சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.) பழிவாங்கலைப் பெருமையோடு அறிவித்த படை, அதனாலேயே தனக்கெதிரான சாட்சியத்தையும் உருவாக்கிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய ஜெனீவா உடன்படிக்கைகள் பழிவாங்கலையும் பணயக்கைதிகளைப் பிடிப்பதையும் தடைசெய்தன. அவற்றின் பொது உறுப்புரை 3, உள்நாட்டுப் போரிலும் சண்டையில் பங்கேற்காதோரைக் கொல்வதைத் தடுக்கிறது. இலங்கை 1959இல் அவற்றை ஏற்றது. ஆகவே ‘சொந்த நாட்டுப் படை’ என்ற வாதம் பொறுப்பைக் குறைப்பதில்லை. தடை வந்தபின் உலகெங்கும் படைகள் வேறொன்றைக் கற்றுக்கொண்டன: அறிவிக்காதிருக்க, எழுதாதிருக்க.

2006 ஜனவரி 2 மாலை நிகழ்ந்ததை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் மீது ஓட்டோவொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. காயமடைந்து கிடந்தவர்களைச் சீருடையினர் சுட்டனர் என்பது உயிர்தப்பியோரும் கொல்லப்பட்டோரின் குடும்பத்தினரும் முன்வைத்த குற்றச்சாட்டு. வெடிச்சத்தம் கேட்டு மகனைத் தேடி ஓடிவந்த தம்மைக் காவலில் நின்ற படையினர் தடுத்து நிறுத்தினர் என்று, கொல்லப்பட்ட மாணவர் ஒருவரின் தந்தையான வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன் பின்னர் உலக அரங்குகள் பலவற்றில் சாட்சி சொன்னார். அதிகாரிகளின் முதல் விளக்கமோ, இளைஞர்கள் தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்பது. அதாவது கொலையே நடக்கவில்லை, நடந்தது விபத்து. இந்த விளக்கத்தை உடைத்தவை இரண்டு. ஒன்று, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் பதிவு செய்த வைத்தியப் பரிசோதனை. மற்றது, பிரேத அறையில் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து ‘சுடர் ஒளி’யில் வெளியான படங்கள். தலையில் குண்டு பாய்ந்த அடையாளத்தை நாடே பார்த்தது. ஜனவரி 24 அன்று சுகிர்தராஜன் நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1983இல் சட்டவிதி ஒன்று செய்ய முனைந்ததை, அதாவது உடல் பேசாமல் தடுப்பதை, இப்போது உடலைப் படமெடுத்தவரின் கொலை செய்தது.

இங்கே இடம் என்ற ஆதாரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்நாள்களில் அன்புவழிபுரம் போன்ற புறநகர்க் குடியிருப்புகளிலிருந்து நகருக்கு வருபவர் சோதனைச்சாவடிகளைக் கடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து வைத்தே வர முடியும். கோட்டை முகாமுக்குக் கூப்பிடு தூரத்தில், காவலரண்கள் சூழ்ந்த வீதியில், ஆயுததாரிகள் வந்து சுட்டுவிட்டுத் தடையின்றிப் போக முடிந்தது என்றால், ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. கட்டுப்பாடு தன் கையில் இருந்தது என்று சொல்லும் படை, அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நடந்ததற்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது. இது தனியொரு சிப்பாயைக் குற்றவாளியாக்கும் வாதமன்று. விளக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் வாதம்.

மூதூரில் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க நேரமே கருவியாயிற்று. மாவிலாறு மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட சண்டையில் ஓகஸ்ட் தொடக்கத்தில் புலிகள் மூதூருக்குள் நுழைந்தனர். சில நாள்களில் படையினர் நகரை மீட்டனர். பட்டினிக்கு எதிரான நடவடிக்கை என்ற அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள், பதினாறு தமிழரும் ஒரு முஸ்லிமும், வெளியேற வழியின்றி அலுவலகத்திலேயே தங்கியிருந்தனர். ஓகஸ்ட் 6 அன்று உதவிக்குச் சென்றவர்கள் கண்டது, முற்றத்தில் முகங்குப்புறக் கிடந்த உடல்களை. நிறுவனத்தின் சின்னம் பொறித்த உடையிலேயே, மிக நெருங்கிய தூரத்தில் அவர்கள் சுடப்பட்டிருந்தனர். மரணம் நிகழ்ந்த நேரத்தில் நகரம் யார் வசம் இருந்தது என்பதே வழக்கின் முடிச்சு. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் அம்மாத இறுதியில் பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்றார், அரசு மறுத்தது. செப்டெம்பரில் வழக்கு மூதூர் நீதவானிடமிருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஜனாதிபதி நியமித்த உடலாகம ஆணைக்குழு இராணுவத்தையும் கடற்படையையும் பொறுப்பிலிருந்து விடுவித்து, புலிகள் அல்லது ஊர்காவற்படையினர் செய்திருக்கலாம் என்ற திசையில் முடிவு சொன்னது. அந்தத் தொண்டு நிறுவனம் 2013இல் வெளியிட்ட இறுதி அறிக்கையும், 2015இல் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் பாதுகாப்புப் படையினரையே சுட்டின. பதினேழு பேரின் கொலைக்கு இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இனி எதிர்வாதங்கள். மிக வலிமையானது நீதிமன்றத் தீர்ப்பைச் சார்ந்தது: குமாரபுரம் வழக்கில் ஜூரர்கள் விடுவித்தனர், மாணவர் வழக்கில் 2013இல் கைதான பதின்மூன்று பேரையும் 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை பிரதான நீதவான் போதிய சாட்சியமில்லை என்று விடுவித்தார், பிறகென்ன? விடுவிக்கப்பட்டவரை மீண்டும் குற்றவாளியென்று அழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இக்கட்டுரையும் அதைச் செய்யவில்லை. ஆனால் விடுதலை என்பது இன்னார் செய்ததாக நிறுவப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அப்படியானால் வேறு யார் என்ற கேள்வி அரசின் முன் புதிதாக எழ வேண்டும். இரண்டு வழக்குகளிலும் அது எழவே இல்லை. சாட்சியம் இல்லாமற் போனதற்கும் காரணம் உண்டு. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. அதற்குள் மாணவர்களின் குடும்பங்கள் பல நாட்டைவிட்டே போய்விட்டன. வெளிநாட்டிலிருந்து காணொளி மூலம் சாட்சியம் பெற உடலாகம ஆணைக்குழு தொடங்கிய முயற்சி இடையில் நிறுத்தப்பட்டது. ஆணைக்குழுவை மேற்பார்க்க வந்த, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதியின் தலைமையில் இயங்கிய சர்வதேச நிபுணர் குழு, சாட்சிப் பாதுகாப்பின்மையையும் சட்டமா அதிபர் திணைக்களத்தின் இரட்டைப் பங்கையும் காரணம் காட்டி 2008இல் விலகியது.

போதிய சாட்சியம் கிடைத்தபோது நீதிமன்றங்கள் தண்டித்திருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். உண்மைதான், அது என் வாதத்தைப் பலப்படுத்துகிறது. குமாரபுரம் நடந்த அதே 1996இல் செம்மணியில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும் அவரைத் தேடிச் சென்ற மூவரும் கொல்லப்பட்டனர். அந்த வழக்கை ஜூரர்களின்றி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கொழும்பில் விசாரித்து, 1998 ஜூலையிலேயே மரண தண்டனை விதித்தது. இரண்டே ஆண்டுகள். ஒரே அரசு, ஒரே சட்டம், ஒரே சட்டமா அதிபர் திணைக்களம். குமாரபுரத்துக்கு மட்டும் இருபது ஆண்டுகள் எடுத்தன. இயலாமை என்று இதைச் சொல்ல முடியாது. 2000இல் மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்றதற்காக 2015இல் தண்டிக்கப்பட்ட இராணுவ வீரரோ 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

புலிகளும் குடிமக்களைக் கொன்றார்கள் என்பதை எதிர்வாதமாக அல்ல, வரலாறாகவே ஏற்க வேண்டும். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களும், 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவயில் பேருந்தில் சென்றவர்களும் நம் நினைவேந்தலுக்கு வெளியே நிற்பது நமக்குத் தகாது. அவர்களும் ஆயுதமற்றவர்கள், அவர்களிலும் குழந்தைகள் இருந்தனர். ஆனால் அந்தக் கொலைகள் குமாரபுரத்துக் குழந்தைகளைக் கொன்றதற்கு நியாயமாக முடியாது. முடியுமென்றால் பூமேயின் கணக்கும் நியாயமாகிவிடும். மேலும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் புலிகள் எனச் சந்தேகிக்கப்பட்டோர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த நாட்டில், விசாரணைப் பொறிமுறை இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்தது என்று எவரும் வாதிட இயலாது.

எனவே திருகோணமலைக்கு இனித் தேவைப்படுவது இன்னொரு ஆணைக்குழுவா என்று கேட்டால், அதற்கு முன் செய்யவேண்டியது வேறொன்று. கட்டளைகள் எழுதப்படாமல் இருந்திருக்கலாம். படை என்ற அமைப்பு எழுதாமல் இயங்காது. யார் எந்தச் சாவடியில் எத்தனை மணிக்குக் கடமையில் நின்றார் என்ற பதிவேடு, ஆயுதமும் ரவையும் வழங்கித் திரும்பப் பெற்ற கணக்கு, தொலைத்தொடர்புக் குறிப்பு, வாகன ஓட்டப் புத்தகம் ஆகியவை ஒவ்வொரு முகாமிலும் வழமையாகப் பேணப்படுபவை. ‘யார்’, ‘எப்படி’, ‘எப்போது’ என்ற மூன்று கேள்விகளுக்கும் மனித நினைவைவிட அவை நேராக விடை சொல்லும். குடும்பங்களும் சட்டத்தரணிகளும் இவ்வளவு காலமும் சாட்சிகளைத் தேடி அலைந்தனர். 1996 பெப்ரவரி 11, 2006 ஜனவரி 2, 2006 ஓகஸ்ட் 1 முதல் 6 வரையிலான நாள்களுக்குரிய பதிவேடுகளை அழிக்கக் கூடாது என்றும், அழிக்கப்பட்டிருந்தால் யாருடைய உத்தரவில் எந்த நாளில் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் கோரும் மனு, எந்தச் சாட்சியின் உயிரையும் பணயம் வைக்காது.