கிடைத்த வண்டி, கம்ப்யூட்டரில் மட்டும் திருட்டு வண்டி

நம் பேஸ்மென்ட்டிலிருந்து காணாமல் போன பைக், மூன்று வாரத்தில் வேறொரு மாவட்டத்தில் கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை விற்கப் போனபோதுதான் சிக்கல். வாங்க வந்தவர் போனில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது திருட்டு வண்டின்னு காட்டுதே" என்று நழுவிவிட்டார். வண்டி வீட்டில் நிற்கிறது, பதிவில் இன்னும் காணவில்லை!

இது நம் ஊரில் மட்டும் உள்ள கோளாறு அல்ல. திருட்டு வண்டிப் பட்டியலை முதலில் நாடு முழுவதற்கும் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. முக்கியமானது. 1967 ஜனவரியில் ஐந்து கோப்புகளுடன் தொடங்கினார்கள். அதில் ஒரு கோப்பு திருட்டு வண்டிகளுக்கு. பிரிட்டன் 1974இல் தன் போலீஸ் கம்ப்யூட்டரைத் தொடங்கியதே திருட்டு வண்டிகளை வைத்துத்தான்.

அமெரிக்காவில் அன்று வகுத்த விதியைக் கவனியுங்கள்: பதிவை ஏற்றிய போலீஸார்தான் அதை நீக்க வேண்டும். நல்ல விதிதான். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்றால், திருடனுக்கு ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒரு ஆள் போதுமே. வண்டி கிடைக்கவே இல்லை என்றால், பதிவான ஆண்டுக்குப் பின் நான்கு ஆண்டுகள் வைத்திருந்து தானாக நீக்குகிறார்கள். நம்பர் ஒத்துப்போனாலும் உடனே கைது கூடாது, பதிவு செய்தவர்களிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதை விட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்டில் கொலராடோவின் அரோரா நகரம் காட்டியது. ஒரு காரை மடக்கிய போலீஸார், உள்ளே இருந்த சிறுமிகளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். உண்மையில் திருடு போனது மொன்டானா மாநிலத்து மோட்டார் சைக்கிள். நம்பர் மட்டும்தான் ஒன்று.

இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் வந்தது. அதன் 'வாகன் சமன்வய்' பட்டியலில் திருட்டு வண்டி, மீட்ட வண்டி இரண்டும் சேர்கின்றன. ஏற்றுவதில் தாமதம் இல்லை, எஃப்.ஐ.ஆர். போட்டால்தானே இன்ஷூரன்ஸ், நாமே விரட்டுவோம். மீட்பில்தான் நம் கவனம் தளர்கிறது. மீட்ட வண்டியை ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாமல் சீக்கிரம் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. கோர்ட்டில் மனுப் போட்டு வண்டியை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நம் பைக் விஷயத்தில், எஃப்.ஐ.ஆர். போட்டது ஒரு ஸ்டேஷன், வண்டியைப் பிடித்தது இன்னொன்று. அவர்கள் மாற்றுவார்கள் என்று இவர்களும், இவர்கள் மாற்றுவார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள்.

உங்கள் வண்டிக்கு இப்படி நேர்ந்தால், கோர்ட் உத்தரவு நகல், ஆர்.சி. இரண்டையும் எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷனில் கொடுத்து, 'மீட்கப்பட்டது' என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். பிறகு காப்பகத்தின் இணையதளத்தில் வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்களும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது. பைக்காரர் கொடுத்த மனுவின் நகல் நம் அசோசியேஷன் அலுவலகத்தில் இருக்கிறது, மாதிரிக்கு வாங்கிக்கொள்ளலாம்.