வீட்டில் யார் யார்?



"வாப்பா இல்லாத பிள்ளை, அதான் இப்படி." ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நானும் சொல்லியிருக்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முன்னர் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். கொண்டச்சி உட்பட முசலிச் சனமும் அதில் அடக்கம். பெரும்பாலானோர் ஒதுங்கியது புத்தளம், கற்பிட்டிப் பக்கம். ஒரே வளவுக்குள் மூத்தம்மா, சாச்சி, மாமி என்று இருந்தவர்கள் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள். நிவாரண அட்டையில் ஒவ்வொரு குடிசையும் ஒரு குடும்பம்.

இருபது வருடம் கழித்து, 2011இல், வைத்தியர் செஸ்மல் சிறிவர்தனவும் குழுவினரும் புத்தளத்தில் 141 குடியேற்றங்களிலிருந்து நம்மவர்கள் 450 பேரைத் தெரிந்து, வீடு வீடாகக் கேள்விக்கொத்தோடு போனார்கள். முடிவு 2013இல் வெளியானது. 18.8 வீதமானோருக்கு ஏதோ ஓர் உளநலக் கோளாறு. துணையை இழந்தோரிடமும் பிரிந்தோரிடமும் அது கூடுதலாகத் தெரிந்தது: வாய்ப்பு விகிதம் 4.9. தொழில் இல்லாதோரிடம் 2.8. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ளோரிடம் 1.7.

முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "ஆம்பிள இல்லாத வீடு அப்படித்தான்" என்று சொல்வது லேசு. ஆனால் இது ஒரு நாளில் எடுத்த படம் மாதிரி. கவலை முந்தியதா, பிரிவு முந்தியதா என்று படம் சொல்லாது. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு வருமானமும் போகிறது, அடுப்பும் அணைகிறது. எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். ஆய்வாளர்கள் ஒரு வருடம் கழித்து மீண்டும் போய், மனம் மீண்டெழும் தன்மையையும் சமூக ஆதரவையும் அளந்து பார்த்தார்கள்.

"திருமண நிலை" என்ற கட்டத்தில் "விதவை" என்று ஒரு புள்ளடி போடலாம். பக்கத்து வீட்டில் அவளுடைய ராத்தா இருக்கிறாளா, காய்ச்சல் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு மாமா இருக்கிறாரா என்பது அந்தப் புள்ளடியில் தெரியாது. 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோதும் இதே கதைதான். உம்மா கொண்டச்சியில், படிக்கிற பிள்ளை புத்தளத்தில், ராத்தா அங்கேயே வீடு கட்டிவிட்டாள். சனம் இரண்டாம் முறையும் பிரிந்தது.

இப்போதெல்லாம் புதிதாக வரும் பிள்ளையிடம் "வாப்பா என்ன வேலை?" என்று நான் கேட்பதில்லை. "வீட்டில் யார் யார்?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டு கையும் போதாது. ஒரே விரலோடு நிறுத்தும் பிள்ளையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

1990க்கு முன் உங்கள் வளவில் யார் யார் இருந்தார்கள்? மூத்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.