மரக்காணத்து உப்பும் மானியத்தின் எல்லைக்கோடும்

1818-ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உப்பைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் இனி உப்பு விளைவிப்பதில்லை. அதனால் உப்பளங்களின் சொந்தக்காரர்களுக்கு ஏற்படும் நட்டத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் 4,000 வராகனை ஆங்கில அரசு கொடுக்கும். இதுதான் அதன் சாரம். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1815-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், அந்தப் பகுதிகளின் உபரி உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரிக்கு வடக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டரில், ஆங்கிலேயர் எல்லைக்குள் இருந்த மரக்காணத்தில் உப்பு தொடர்ந்து விளைந்தது. புதுச்சேரியில் அது விளையாமல் இருக்கப் பணம் போனது. அந்தப் பணமும் அளத்தின் சொந்தக்காரர் பேருக்குத்தான். பாத்தியில் வெறுங்காலோடு நின்றவருக்கு உடன்படிக்கையில் இடமில்லை. இருநூறு ஆண்டு கழித்தும் இந்தக் கரையில் அரசுப் பணம் நடக்கும் வழி பெரிதாக மாறவில்லை என்பது என் கணிப்பு. சமூகம் சார்ந்த நிலைத்த வேளாண்மை என்ற பெயரில் வந்த உதவிகள் ஏரிக்கும் வயலுக்கும் போயின; உப்பளத்தின் வரப்பு வந்ததும் நின்றுவிட்டன. அதற்குக் காரணம் அந்தத் தொழிலின் இயல்பில் இல்லை. வரி வாங்குவதற்காக ஏற்பட்ட ஒரு பழைய பாகுபாட்டில் இருக்கிறது.

அந்தப் பாகுபாடு வருவதற்கு முன் தமிழர் உப்பை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. நற்றிணையில் உலோச்சனார் பாடல் ஒன்று, உப்பு விளைப்பவர்களை ஏர் பிடிக்காத உழவர்களாகவே காண்கிறது. குவித்த உப்புக்குக் காவலிருந்து, உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசை எப்போது வரும் என்று அவர்கள் பார்த்திருப்பதையும் சொல்கிறது. உப்புக்கு நெல்லை அளந்து மாற்றிக்கொண்ட செய்தி சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகிறது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த நூலிலும் உமணர் வண்டியோடும் குடும்பத்தோடும் வருகிறார்கள். நெய்தல் நிலத்தின் விளைச்சல் உப்பு, மருத நிலத்தின் விளைச்சல் நெல் என்ற கணக்கில் அன்றைக்கு யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

தொழிலைக் கிட்டே போய்ப் பார்த்தாலும் அந்தக் கணக்குத்தான் சரியென்று படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு அளத்தில் வேலை தொடங்குகிறது. மழை கரைத்த வரப்புகளை மண் அணைத்து உயர்த்த வேண்டும். பாத்தியில் படிந்த வண்டலை வழித்தெடுக்க வேண்டும். பிறகு களிமண் தரை இறுகி, நீர் கீழே கசியாத பதம் வரும்வரை காலால் மிதிக்க வேண்டும். இந்த மிதிப்பு சரியாக அமையாவிட்டால் உப்பில் சேறு ஏறும், விலை இறங்கும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று டிகிரி போமே அடர்த்தியில் இருக்கும் கடல்நீர் இருபத்தைந்தை எட்டும்போது உப்பு பூக்கிறது. முப்பதைத் தொடுமுன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதன்பின் வாருவது, வரப்பில் குவிப்பது, கூடையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பது, ஓலை போட்டு மூடுவது. நிலத்தைப் பக்குவப்படுத்துவது, நீர் பாய்ச்சுவது, பதம் பார்ப்பது, அறுவடை, மழைக்குப் பயந்து மூடிவைப்பது என்று பார்த்தால், நெல் விவசாயியின் ஆண்டுக்கும் உப்புக்காரரின் ஆண்டுக்கும் இருக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுதான்: அவர் மழையை எதிர்பார்ப்பார், இவர் அதற்கு அஞ்சுவார்.

1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் ஆனது. விளைந்ததெல்லாம் சர்க்கார் கிடங்குக்கே வர வேண்டும். சர்க்கார் வைத்ததே விற்பனை விலை. வேடிக்கை என்னவென்றால், விளைவித்தவருக்குக் கொடுத்த தொகையை அந்த நிர்வாகம் குடிவாரம் என்றே கணக்கில் எழுதியது. வயலில் அரசுக்கு மேல்வாரம், உழுபவருக்குக் குடிவாரம் என்று பிரித்த அதே முறை அளத்திலும் செல்லுபடியானது. உப்புக்காரரைக் குடியானவராகப் பார்த்த கடைசி அரசாங்க ஏற்பாடு அதுவாகத்தான் இருக்கும். 1870-களின் பிற்பகுதியில் கலால் முறை வந்தது. 1889-இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. அதோடு அளம் உரிமம் பெற்ற உற்பத்திக்கூடம் ஆனது. அதன் வேலியும் காவலும் கிடங்கும் வரி ஏய்ப்பைத் தடுப்பதற்காக அமைந்தன. உப்பு ஏற்றிய படகுகள் சென்ற பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம் பக்கம்தான். அந்தக் கால்வாயில் சென்னை நகருக்குள் ஓடும் பகுதி 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தத் தாது வருடப் பஞ்சத்திலும் உப்பு வரி நின்றுவிடவில்லை. 1923-இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரையாக ஏற்றி, எதிர்ப்பு பார்த்து மறு ஆண்டே இறக்கினார்கள். 1930-இல் உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுக்கும் தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1947 ஏப்ரலில் வரி ஒழிந்தது.

வரி போன பிறகும் அது போட்ட பாகுபாடு போகவில்லை. அரசியல் சட்டத்தில் வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆம் இனம். உப்பு மத்தியப் பட்டியலின் 58-ஆம் இனம். வேளாண்துறைக்கும் உப்பு ஆணையருக்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய அவசியமே வரவில்லை. உப்புக்கென்று இருந்த சொந்தப் பணம் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த மேல்வரி, டன்னுக்கு மூன்றரை ரூபாய். தொழிலாளர் நலனும் அதிலிருந்து நடக்க வேண்டும், ஆராய்ச்சியும் நடக்க வேண்டும். அந்த மேல்வரியும் 2016-இல் எடுக்கப்பட்டது. மறுபக்கத்தில் கிசான் கடன் அட்டை 1998-இல் வந்தது, பயிர்க் காப்பீடு 2016-இல் புது வடிவம் பெற்றது. கடன் அட்டையை 2018-19-இல் கால்நடை வளர்ப்போருக்கும் மீனவருக்கும் நீட்டினார்கள். ஆட்டுக்கும் மீனுக்கும் நீண்ட கை உப்புக்கு நீளவில்லை. 2007-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் வராக நதி உபவடிநிலத்தின் ஏரிகளுக்கும் வந்தது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஏரி, மடை, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் செலவழிக்க வழி பிறந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அடிப்படை அலகான நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்க வேண்டும். அந்த ஏரிகளின் மிகைநீர் கழுவெளியில் சேர்ந்து, முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகும் பாதையில்தான் அளங்கள் இருக்கின்றன. மேலே மடை திறந்தால் கீழே கரைவது உப்பு. அந்த நீரைப் பற்றிப் பேசும் சங்கத்தில் மட்டும் உப்புக்காரருக்கு நாற்காலி கிடையாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. விதை இல்லை, முளை இல்லை, உயிர் இல்லை. உப்பை எப்படி வேளாண்மை என்பது? 1957-இல் பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலத்தை உழுவது, விதைப்பது, நடுவது போன்ற அடிப்படை வேலைகள் இருந்தால்தான் அது வேளாண்மை என்று விளக்கியது. கடல்நீரைப் பாய்ச்சி எடுத்த உப்பின் வருமானம் வேளாண் வருமானம் ஆகாது என்பது வருமான வரியிலும் நிலைத்த விதி. இதை மறுக்க முடியாது, மறுக்க வேண்டியதும் இல்லை. அது யாருக்கு வரிவிலக்கு என்பதைத் தீர்க்க வந்த விளக்கம். யாருடைய பிழைப்பு நிலத்தையும் பருவத்தையும் நம்பி இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு நீதிமன்றமே வேறு பதிலும் சொல்லியிருக்கிறது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, விளைநிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஈரநிலம் எதையும் இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று ஒரே வரிசையில் வைத்துப் பேசியது. காப்பாற்றும்போது விளைநிலத்துக்குப் பக்கத்தில் வைத்த உப்பளத்தை, பணம் கொடுக்கும்போது மட்டும் ஏன் தள்ளி வைக்க வேண்டும்? வெளியுலகமும் அப்படித் தள்ளி வைக்கவில்லை. ஸ்பெயினின் அன்யானா உப்புப் பள்ளத்தாக்கை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் உலக வேளாண் மரபு அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் கிராமச் சட்டத் தொகுப்பு உப்பளத் தொழிலை வேளாண் தொழிலாகவே கொள்கிறது. கெராந்த் உப்புக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடும் கொடுத்தது. புதுச்சேரியில் உப்பை நிறுத்த ஒப்புக்கொண்ட அதே நாடுதான் பிரான்ஸ்.

நிலைத்த வேளாண்மை என்ற சொல்லுக்கு உப்பளம் தகுமா என்று சூழலியல் பக்கத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வேதாரண்யம் பக்கத்தில் பெரிய இரசாயன நிறுவனங்களின் உப்பளங்கள் விரிந்ததைப் பறவை ஆய்வாளர்கள் பல காலமாகக் கவலையோடு குறித்து வந்திருக்கிறார்கள். நிலத்தடியிலிருந்து உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும் என்பதும் உண்மை. ஆனால் இதையெல்லாம் ஒழுங்குபடுத்த யாரிடம் பிடி இருக்கிறது? உதவி வாங்கும் விவசாயியிடம் நுண்ணீர்ப் பாசனம் போடு, இரசாயன உரத்தைக் குறை என்று நிபந்தனை வைக்க முடிகிறது. எதுவும் வாங்காத உப்புக்காரரிடம் எந்த நிபந்தனையை வைப்பது? ஆழமில்லாத பாத்திகளும் இடைநிலைத் தேக்கங்களும் உள்ளான் வகைப் பறவைகளுக்கு இரை தரும் இடங்கள். சிறு அளங்கள் கைவிடப்பட்டால் அந்த இடத்துக்குப் பறவைகள் மட்டுமே வரும் என்று நம்புவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

என்னை உண்மையாகவே தயங்க வைக்கும் மறுப்பு வேறொன்று. மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பு விளைகிறது. அந்த நிலத்தில் பெரும்பகுதி அரசினுடையது. குத்தகையும் உரிமமும் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவருடையது. மானியம் வந்தால் உரிமக்காரர் வாங்கிக்கொள்வார், உப்பு வாரும் பெண்ணுக்கு அதே கூலிதான் என்று சொன்னால் அது வெறும் சந்தேகம் இல்லை. 1818-இல் நடந்ததே அதுதான். கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை, தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இந்த மறுப்பு, பணத்தை யார் பெயரில் கொடுப்பது என்பதைப் பற்றியது. கொடுக்கவே கூடாது என்பதற்கு அது காரணமாகாது. 2022-இல் தமிழ்நாடு அரசு, மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று கொண்டுவந்தது. தொகை சிறியது, மழைக்காலத்தின் மூன்று மாதத்துக்குப் போதாது. ஆனால் அது உரிமத்தைப் பார்க்காமல் வேலை செய்பவரைப் பார்த்தது. அந்த முறையை நிவாரணத்தோடு நிறுத்தாமல் முதலீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பை மக்கள் உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. அயோடின் கலக்கும் இயந்திரம் சிறு உற்பத்தியாளருக்கு எட்டாத செலவு. தொழிலாளர் குழுக்களின் பெயரில் ஒரு பொது இயந்திரம், ஒரு பொதுக் கிடங்கு, சூரிய சக்தி மோட்டார் என்று கொடுத்தால், வெயிலில் நிற்பவரிடம் விலை பேசும் பலமும் கொஞ்சம் வந்து சேரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்து அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதே மழையில் மூழ்கிய நெல்லுக்குக் கணக்கெடுப்பு உண்டு, காப்பீடு உண்டு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விகிதமும் உண்டு. உப்புப் பாத்திக்கு அப்படி ஒரு படிவமே இல்லை. வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கையைத் தமிழ்நாடு 2021 ஆகஸ்டிலிருந்து தாக்கல் செய்து வருகிறது. கடலோரச் சூழலை மீட்க நெய்தல் மீட்சி இயக்கத்தை 2023-24-இல் 2,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்தது. உப்பின் சட்டம் தில்லியில் இருக்கிறது என்று காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் சென்னையின் கையில் உள்ளவை. முதலாவதில் உப்பளத்துக்கு ஒரு தலைப்பும், இரண்டாவதில் உப்பளத் தொழிலாளர் குழுக்கள் விண்ணப்பிக்க ஒரு வழியும் அடுத்த ஆண்டே திறக்கப்பட வேண்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்க விதிகளைத் திருத்தி, கழுவெளி வடிநிலத்தில் அளக்காரருக்கும் ஓர் இடம் ஒதுக்குவதற்குச் சட்டமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும்.