ஒரு முழக் குச்சியும் ஒரு தலைமுறையின் பசியும்



வீட்டில் பிள்ளைகள் எளிதாக வளர்க்கக்கூடிய செடிகள் எவை என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. பச்சைப் பயறு, தண்டுக்கீரை, கங்கோங், சர்க்கரைவள்ளி என்று பட்டியல் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அந்தப் பட்டியலின் முதலிடத்தில் நான் வைக்கும் செடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை எனக்கு நினைவூட்டியவன் ஒரு மாணவன்.

2013ஆம் ஆண்டு. விதை முளைத்தல் பற்றிய அறிவியல் பாடத்திற்காக, ஈரப் பஞ்சில் பச்சைப் பயறு முளைக்கவைத்துக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற முறை அதுதான். மறுவாரம் எல்லாரும் கிண்ணங்களோடு வந்தார்கள். ஒருவன் மட்டும் பழைய நாளிதழில் சுற்றிய ஒரு முழக் குச்சியை நீட்டினான். மரவள்ளிக் குச்சி.

"நான் கேட்டது இது இல்லையே" என்றேன். குரலில் சற்றுக் கடுமை இருந்திருக்க வேண்டும். அவன் தலைகுனிந்து, "பாட்டி கொடுத்தாங்க, டீச்சர். அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இதை நட்டுத்தான் உயிரோட இருந்தாங்களாம்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கதை என் வீட்டுக் கதையும்கூட.

கிழங்கு வந்த வழி

மரவள்ளி நம் மண்ணுக்கு உரியது அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கடற்பயணங்களால் அது ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் பரவியது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனை மக்களிடையே பரப்பினார். ஆகவே, அந்தப் பகுதியிலிருந்து மலாயாவிற்கு வந்தவர்களுக்கு இந்தக் கிழங்கு புதியதாக இருந்திருக்காது.

மலாயாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவள்ளி ஒரு வணிகப் பயிராகவே இருந்தது. மலாக்கா, நெகிரி செம்பிலான் வட்டாரங்களில் சீன முதலாளிகள் காட்டை அழித்து அதைப் பெருமளவில் பயிரிட்டு மாவாக்கி ஏற்றுமதி செய்தனர். மண்ணின் சத்தை அது விரைவில் உறிஞ்சிவிடுவதால், சில ஆண்டுகளில் அந்நிலத்தைக் கைவிட்டு வேறிடம் போவார்கள். பின்னர் இரப்பர் வந்தது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் இரப்பர் நாட்டையே மூடியது. மரவள்ளி லயத்து வீடுகளின் கொல்லைப்புறத்திற்கு ஒதுங்கியது.

சோறு நின்ற காலம்

இரப்பரை விற்று அரிசியை வாங்கும் நாடாக மலாயா மாறியிருந்தது. போருக்கு முன் தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி ஏற்றிவரக் கப்பலில்லை. போதாக்குறைக்கு, 1943இல் நெல் விளையும் கெடாவையும், அதனோடு பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு மாநிலங்களையும் ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. பங்கீட்டு அரிசி சுருங்கிக்கொண்டே போயிற்று.

உணவுப் பயிர் நடும்படி ஜப்பானிய நிருவாகம் மக்களை முடுக்கியது. பள்ளித் திடல்களும் வீட்டு முற்றங்களும் கிழங்குப் பாத்திகளாயின. இரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தும் கிழங்கு நட்டனர். அந்நாளில் மரவள்ளிக்கு ஈடான பயிர் வேறில்லை. விதை வேண்டாம், ஒரு துண்டுக் குச்சி போதும். உழ வேண்டாம், உரம் வேண்டாம். பத்து வயதுச் சிறுமியும் நடலாம்.

அப்படி நட்ட சிறுமிகளுள் ஒருவர் என் பாட்டி. பேராக்கில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையாரைச் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களுள் பெரும்பகுதியினரைத் தின்றன. என் கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. கொள்ளுப்பாட்டியும் மூன்று பிள்ளைகளும் லயத்திற்குப் பின்னால் மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார்கள்.

மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. அதையே உண்டு நாளைக் கழித்தவர்களுக்குக் கால் வீங்கியது. பெரிபெரி நோய் கண்டது. கிழங்கைவிட அதன் இலையில் புரதம் அதிகம். கொழுந்தை வேகவைத்து உண்ட வீடுகளில் பிள்ளைகள் ஓரளவு தாக்குப்பிடித்ததாகப் பாட்டி சொல்வார்.

போருக்குப் பின் பாட்டி மரவள்ளியைத் தொட்டதே இல்லை. வீட்டில் யாராவது அவித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால், எந்த வீட்டிற்குக் குடிபோனாலும் கொல்லையில் இரண்டு மரவள்ளிச் செடி நட்டுவிடுவார். சாப்பிடாத கிழங்கை ஏன் நட வேண்டும் என்று சிறுவயதில் நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவர் பதில் சொன்னதில்லை. அந்த மாணவன் குச்சியோடு வந்த நாளில்தான் எனக்கு விடை கிடைத்தது. அதைப் போய்ச் சொல்லப் பாட்டி அப்போது இல்லை.

மறந்ததும் நினைத்ததும்

அமைதிக் காலத்தில் மரவள்ளி ஏழ்மையின் அடையாளமாயிற்று. 1974இல், விலைவாசி ஏறிய காலத்தில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களைத் தூண்டினார். பின்னர் அதுவும் மங்கியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அடுக்குமாடி வீடுகளின் மாடங்களிலும் கங்கோங்கும் கீரையும் முளைத்தன. பசி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு மண் நினைவுக்கு வருகிறது.

பிள்ளைகளோடு நடுவதற்கு

நிலம் இருந்தால் மரவள்ளியில் தொடங்குங்கள். முற்றிய தண்டில் ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, கணுக்கள் மேல்நோக்கி இருக்கும்படி பாதியளவு மண்ணில் ஊன்றுங்கள். கிழங்கிற்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: கிழங்கையும் இலையையும் பச்சையாக உண்ணக் கூடாது. அவற்றில் நச்சுப் பொருள் உண்டு. தோலுரித்து நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

நிலம் இல்லாதவர்கள் சந்தையில் வாங்கும் கங்கோங் தண்டை நீரில் வைக்கலாம். சில நாள்களில் வேர்விடும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். தண்டுக்கீரை விதையைத் தூவினால் நான்கு வாரத்தில் சமையலுக்கு ஆகும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.

செடி வாடினால் கடிந்துகொள்ளாதீர்கள். இன்னொரு குச்சியைக் கொடுங்கள்.

அந்த மாணவனின் குச்சியை மறுநாளே பள்ளி வேலியோரம் அவனைக் கொண்டே நடச் செய்தேன். நான் தவறாகப் பேசிவிட்டேன் என்று வகுப்பின் முன் அவனிடம் சொன்னேன். எட்டு மாதம் கழித்துக் கிழங்கு தோண்டியபோது அவனுடைய பாட்டியும் வந்திருந்தார். அவித்த கிழங்கில் ஒரு துண்டை அவரிடம் நீட்டினோம். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், உண்ணவில்லை. பேரனுக்கு ஊட்டிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். பிள்ளை செடி நடும் நாளில் அவரை அருகில் அமரவையுங்கள். பாடநூலில் இல்லாத வரலாற்றை அவர் சொல்லக்கூடும்.