வினையூக்கி மாற்றி: பழுதறிதலும் சீரமைப்பும்

வினையூக்கி மாற்றி, காரின் புகைப்போக்கில் என்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையே பொருத்தப்படும் நச்சுநீக்கும் கருவி. பணிமனைகளில் இதைக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பார்கள். இதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தானாகக் கெடுவதும் குறைவு. என்ஜினில் உள்ள வேறொரு கோளாறுதான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புதிய மாற்றியைப் பொருத்தினால் அதுவும் கெட்டுவிடும்.

வரலாறு

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் யூஜீன் ஹூட்ரி, 1950களில் கார்களுக்கான வினையூக்கி மாற்றியை உருவாக்கினார். அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்ததால் அது பரவவில்லை. ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகு, 1975ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் பெருமளவில் இடம்பெற்றது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது.

அமைப்பும் செயல்பாடும்

துருப்பிடிக்காத எஃகு உறைக்குள், நுண்ணிய நீள்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி இருக்கும். துளைச் சுவர்களின் அலுமினா பூச்சில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் படிந்திருக்கும். பெட்ரோல் காரில் இது மூன்று நச்சுகளை மாற்றுகிறது. கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத ஹைட்ரோகார்பன் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து நைட்ரஜன் பிரிகிறது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே வேலை தொடங்கும். காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற அளவில் சேரும்போது மூன்று வினைகளும் நன்றாக நடக்கும். பூச்சிலுள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது சேர்த்து வைத்துக் குறையும்போது கொடுக்கும்.

பழுதின் காரணங்கள்

- உருகுதல்: ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில் பழுதாகி மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகத் தீப்பற்றாமை) ஏற்பட்டால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் எரியும். அந்த வெப்பத்தில் பீங்கான் உருகித் துளைகள் அடைபடும்.
- நச்சேறுதல்: என்ஜின் ஆயில் எரிந்தால் அதன் பாஸ்பரசும் துத்தநாகமும், ஹெட் கேஸ்கெட் கசிந்தால் கூலன்ட்டின் சேர்மங்களும் பூச்சில் படியும்.
- உடைதல்: அடிப்பகுதி கல்லிலோ வேகத்தடையிலோ இடித்தாலும், சூடாக இருக்கும்போது வெள்ளநீரில் மூழ்கினாலும் பீங்கான் விரிசல் விடலாம்.

அறிகுறிகள்

பிக்கப் குறைதல், ஏற்றத்தில் இழுவை இல்லாமை, அடியில் கலகல ஓசை, அழுகிய முட்டை நாற்றம், செக் என்ஜின் விளக்கு எரிதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால், மாற்றியைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

வீட்டில் பழுதறிதல்

என்ஜின் ஓடும் சோதனைகளைத் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும்; மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி என்னும் பழுதறி இணைப்பில் ஸ்கேனரைச் செருகிக் குறியீடுகளைப் படிப்பது முதல் வேலை. பி0420 என்பது மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டதைக் குறிக்கும். அதனுடன் பி0300 முதலான மிஸ்ஸிங் குறியீடுகளோ, எரிபொருள் கலவை பற்றிய பி0171, பி0172 குறியீடுகளோ இருந்தால் அவற்றையே முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார்களின் ஒப்பீடு. என்ஜினை நன்கு சூடாக்கி நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் ஓடவிட்டால், மாற்றிக்கு முன்னுள்ள சாதாரண வகை சென்சாரின் அளவு 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல மாற்றிக்குப் பின்னுள்ள சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஏறி இறங்கினால், மாற்றி ஆக்சிஜனைச் சேமிக்கும் திறனை இழந்துவிட்டது. சென்சாருக்கு அருகே குழாயில் கசிவு இருந்தாலும் தவறான அளவு காட்டும். ஆகவே இணைப்புகளில் கரிக்கோடு தெரிகிறதா, சீறல் கேட்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சில கார்களின் முன் சென்சார் வேறு வகையானது. அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

அடைப்பை அறிய, முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தலாம். ஐடிலில் 1.5 பி.எஸ்.ஐ., 2,500 சுழற்சியில் 3 பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டினால் அடைப்பு இருக்கக்கூடும். ஆறிய மாற்றியை ரப்பர் சுத்தியால் தட்டும்போது உள்ளே கலகலத்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. மேலே உள்ள வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்தாலும் இதே ஓசை வரும் என்பதால், தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும்.

சீரமைப்பு

பிளக், காயில், கேஸ்கெட், சென்சார் ஆகியவற்றை மாற்றுவதோடு பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். பெட்ரோலில் ஊற்றும் துப்புரவுத் திரவங்கள் உருகிய, உடைந்த அல்லது நச்சேறிய பீங்கானை மீட்பதில்லை.

போல்ட்டால் இணைத்த மாற்றியை வீட்டிலேயே மாற்றலாம். வண்டி முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வைத்தால் போல்ட் முறியும் வாய்ப்பு குறையும். புதிய மாற்றியின் அம்புக்குறி புகை செல்லும் திசையில் இருக்க வேண்டும்; கேஸ்கெட்டும் புதிதாக இருக்க வேண்டும். வெல்டிங் செய்தவற்றையும், மேனிஃபோல்டோடு ஒன்றாக அமைந்தவற்றையும் பணிமனைக்கு விடுவது நல்லது.

பொருத்திய பின் குறியீடுகளை அழித்து, நகரச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டி, கார் தன் சுயபரிசோதனையை முடித்துவிட்டதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். பி0420 திரும்பவில்லை என்றால் பழுது தீர்ந்தது.

தவிர்க்க வேண்டியவை

பீங்கானைக் குடைந்து எடுத்துவிட்டு வெற்றுக் கூட்டை மாட்டுவது புகைச் சோதனையில் தோல்விக்கு வழிவகுக்கும். அமெரிக்காவில் அது தூய காற்றுச் சட்டத்துக்குப் புறம்பானது. பழைய மாற்றியைக் குப்பையில் போடக் கூடாது. அதிலுள்ள அரிய உலோகங்களை மீட்டெடுக்க முடியும் என்பதால் மறுசுழற்சியாளர்கள் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.