செவலைக் காளையின் கழுத்துப்பட்டை

பட்டிப் பொங்கலுக்காகப் பரணைச் சுத்தம் பண்ணினப்போ, தாத்தா காலத்துச் செவலைக் காளையோட கழுத்துப்பட்டை கைக்கு வந்துச்சு. சலங்கை எல்லாம் உதிர்ந்து போச்சு. தோல் மட்டும் கருவாடு மாதிரி விறைச்சுக் கிடக்கு. ஈரத்துணியால துடைச்சதும் பூ தெரிஞ்சது. நாலு இதழ்ப் பூ, பக்கத்துல ஒரு பிறை, மறுபடியும் பூ. பட்டை முழுக்க அப்படித்தான். வரைஞ்சது இல்லை, அச்சு வச்சு அடிச்சது.

அடிச்சவரைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். எங்க ஊர் அருந்ததியர் தெருக்காரர். செருப்பு, சாட்டை, கழுத்துப்பட்டை எல்லாம் அவர் கைதான். அதுக்கு முன்னால கவலைச் சாலும் தைச்சவர். கூலி காசா கிடையாது, களத்துல அளந்து போடற தானியம்தான். அச்சும் கடையில வாங்கினது இல்லை. பெரிய ஆணி முனையை அரத்தால ராவிப் பூவாவும் பிறையாவும் ஆக்கி வச்சிருப்பார். தோலை நனைச்சு வச்சிடுவார். ஈரம் உள்ளே இறங்கி, மேல்பக்கம் லேசா வெளுக்கிற நேரம் பார்த்து அச்சை வச்சுக் கொட்டாப்புளியால ஒரே அடி. ஈரம் கூடினா பூ மங்கிடும். காய்ஞ்சுட்டா அச்சே இறங்காது. உழவுக்கு மண் பதம் பார்க்கிற மாதிரிதான்.

எந்தத் தோலுக்கும் இப்படி அச்சு நிக்காது. ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில பதப்படுத்தின தோல்தான் அடிச்ச அடியை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஆவாரம்பட்டைத் தோல் வெயில்ல சிவந்துடும்னு கடைசியில கடுக்காய்த் தண்ணியிலயும் போடுவாங்க. ஈ.ஐ. தோல்னு பேர் வாங்கி நம்ம ஊர்ல இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினது இந்த வகைதான். முதல் உலகப் போர்ல அந்த நாட்டுச் சிப்பாய்களோட பூட்ஸுக்கு மேல்தோலாவும் போச்சு. பூ அச்சு அடிச்சுக் கலர் தீட்டின சாந்திநிகேதன் பையை உங்கள்ல பல பேர் வச்சிருப்பீங்க. தாகூர் 1922-ல தொடங்கின ஸ்ரீநிகேதன் வழியா வளர்ந்த தொழில் அது. அதுக்கும் ஈ.ஐ. தோல்தான் தோது.

குரோமியம் உப்புல பதப்படுத்தின தோல் வேற ரகம். தண்ணிக்கு நல்லாத் தாங்கும், ஆனா அச்சு சரியா நிக்காது, அடிச்ச இடம் எழும்பிடும். மதராஸ் கலைத் தொழிற்பள்ளியில ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரர் 1903-ல குரோம் தோல் சோதனை ஆரம்பிச்சார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? கவலைச் சாலுக்கு! கிணத்துத் தண்ணியில ஊறி ஊறிப் பட்டைத் தோல் சீக்கிரம் அழுகிடுதேன்னுதான். வேடிக்கை என்னன்னா, கிணத்துல எண்ணெய் எஞ்சின் வச்சு இறைக்கலாம்னு அதே காலத்துல ஊர் ஊரா நிறுவிக் காட்டினவரும் அவரேதான். ஒரு கையால சாலுக்கு ஆயுசைக் கூட்டினார், இன்னொரு கையால சாலே வேண்டாம்னு ஆக்கினார். எங்க ஊருக்கு அந்த மாத்தம் வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. கரண்ட் மோட்டார் வந்தப்புறம்தான் கவலை நின்னுச்சு.

இதையெல்லாம் எழுதும்போது ஒண்ணை விட்டுட்டுப் போக முடியலை. அவர் பூப்போட்ட பட்டையைக் கட்டிக்கிட்டு எங்க காளை தெருவுல சலங்கை குலுங்க நடக்கும். பட்டையைக் கொண்டு வந்து குடுத்தவர், தெரு முனையிலேயே தன் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவார். அதுவும் அவரே தைச்ச செருப்பு. எங்க தாத்தாவை விட மூத்தவரா இருப்பார். நான் அரை டவுசர் போட்ட பையன், ‘வாடா’ன்னு கூப்பிட்டிருக்கேன். வீட்ல யாரும் அதட்டலை.

அவர் பேரன் இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். பட்டையைக் காட்டினேன். ரொம்ப நேரம் விரலால தடவிப் பார்த்தார். அந்த அச்சு ஆணிங்க வீட்ல இருக்காங்கன்னு கேட்டேன்.

“இல்லீங்ணா. தாத்தா போனதும் எங்கப்பா எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாருங்க. வூட்ல இருந்தா எவனாச்சும் வேலைக்குக் கூப்புடுவான்னு.”

பட்டையை அவர்கிட்டயே நீட்டினேன். வேண்டாம், நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டார். விளக்கெண்ணெய் தடவித் திண்ணையில மாட்டி வச்சிருக்கேன்.