கதையே முதற்படி

குழந்தையின் கல்வி அரிச்சுவடியில் தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். அதற்கு முன்பே, அச்சமற்ற நெஞ்சில், கதையில் அது தொடங்குகிறது என்று காட்டியவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885-1939).

வழக்கறிஞராய் இருந்த அப்பெருமகனார், தம் மகனின் கல்வியை எண்ணி மாண்டிசோரி அம்மையாரின் நூல்களை நாடினார். 1920-இல் பவநகரில் 'பால மந்திர்' என்னும் மழலையர் பள்ளியை நிறுவினார். அடிக்கும் அச்சுறுத்தலுக்கும் அங்கே இடமில்லை. 'மீசை வைத்த தாய்' என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

அவர் குஜராத்தியில் எழுதிய 'திவாஸ்வப்னா' (பகற்கனவு) என்னும் நூலில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்கிறார். அமைதி காக்கச் சொன்னபோது அடங்காத பிள்ளைகள், கதை தொடங்கியதும் செவிசாய்க்கின்றனர். பின்னர்ப் பாடநூலுக்கான பணத்தைத் திரட்டிக் கதைநூல்கள் வாங்கி, வகுப்பிலேயே நூலகம் அமைக்கிறார். கேட்ட சுவை, படிக்கும் வேட்கையாகிறது.

பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும். நம் பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ்ப்பள்ளி வீடு ஒன்றே. பிழைக்கு நாணி வாய்மூடும் குழந்தையிடம் மொழி தங்குவதில்லை. பாட்டி சொல்லும் கதையை முதலில் கேட்கட்டும்; பிழையோடேனும் திருப்பிச் சொல்லட்டும்; பின்னர் அக்கதையே எழுத்துருவில் கைக்கு வரட்டும். பவநகர் தன் தாய்மொழியில் செய்ததை நாம் நம் இல்லங்களில் தமிழில் செய்வோமாக.